யார் இந்த சாண்டோ? ஜிம்முக்குப் போற ஒவ்வொரு பையனும் தெரிஞ்சுக்க வேண்டிய 'முதல் பாடிபில்டர்' கதை

சாண்டோ சின்னப்பா தேவர். இந்தப் பெயரைக் கேள்விப்படாத தமிழ் சினிமா ரசிகர் இருக்க முடியாது. எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்தவர், யானையையும் பாம்பையும் நடிக்க வைத்தவர், மருதமலை முருகனின் தீவிர பக்தர் என அவரைப் பற்றி ஆயிரம் கதை உண்டு. சரி, அந்த 'சாண்டோ' என்ன? ஊர்ப் பெயரா, குடும்பப் பெயரா?

ரெண்டுமே இல்லை. அது ஒரு ஜெர்மன்காரரின் பெயர். சொல்லப்போனால் அவருக்கே அது சொந்தப் பெயர் கிடையாது. கோவையில் இளவயதில் உடற்பயிற்சியிலும் மல்யுத்தத்திலும் ஊறிக் கிடந்த சின்னப்பா தேவருக்கு அது பட்டமாக ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் கட்டுமஸ்தான ஆள் யாராக இருந்தாலும் நம் ஊரில் 'சாண்டோ' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த ஒரிஜினல் சாண்டோ யார்? இன்று ஜிம்மில் நாம் பார்க்கும் கண்ணாடி, அளவு நாடா, 'டிரான்ஸ்ஃபர்மேஷன்' போட்டோ, ஆன்லைன் கோச்சிங் என எல்லாவற்றுக்கும் 130 வருஷத்துக்கு முன்பே பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான். டீன் ஏஜ் பையன்களுக்கு அவர் சொன்ன அறிவுரையில் பாதி, இன்றைய டாக்டர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. மீதிப் பாதி வியாபாரம். எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ராணுவத்துக்கு டிமிக்கி

1867 ஏப்ரல் 2. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரம். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். அங்கே பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் ஃப்ரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். அப்பா ஜெர்மானியர், அம்மா ரஷ்ய வம்சாவளி.

சின்ன வயதில் தான் ரொம்ப நோஞ்சான் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். அப்பாவோடு இத்தாலி போனபோது அங்கிருந்த பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்து அசந்துபோனாராம். இப்படி உடம்பு உள்ளவர்கள் இப்போது ஏன் இல்லை என்று அப்பாவிடம் கேட்டாராம். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்பது அவர் சொன்ன கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதை அப்படியே நம்புவதில்லை. நோஞ்சானாக இருந்தேன், பயிற்சி செய்தேன், இப்போ என்னைப் பாருங்க என்ற கதைக்கு எப்பவும் மார்க்கெட் உண்டு. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போட்டோ போடும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இதே கதைதான்.

உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. 1885 வாக்கில், கட்டாய ராணுவ சேவையில் சிக்காமல் இருக்க அவர் ஊரை விட்டுக் கிளம்பினார். சர்க்கஸ்களில் சேர்ந்து ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். அப்போது அம்மா வழிப் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டதுதான் யூஜின் சாண்டோ.

வாத்தியார் அட்டிலா

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். பெயர் லூயிஸ் டுர்லாக்கர், மேடைப் பெயர் 'ப்ரொஃபசர் அட்டிலா'. இந்த அட்டிலாவை மனசுல வெச்சுக்கோங்க, கட்டுரையின் முக்கியமான இடத்தில் மறுபடி வருவார்.

அட்டிலா ஒரு பயில்வான், கூடவே நல்ல பயிற்சியாளர். கையில் வந்த பையனின் உடலமைப்பைப் பார்த்ததும் இவனிடம் விஷயம் இருக்கு என்று புரிந்துவிட்டது. எடை தூக்குவது எப்படி, மேடையில் நிற்பது எப்படி, ஜனங்களை வாய் பிளக்க வைப்பது எப்படி என்று எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தார். முக்கியமாக, கனமான எடைகளைப் படிப்படியாக ஏற்றித் தூக்கவைத்தார். பிற்காலத்தில் சாண்டோ ஒற்றைக் கையால் 100 கிலோவுக்கும் மேல் தலைக்கு மேலே தூக்கினார். அந்தப் பலம் வந்தது இந்தப் பட்டறையில்தான்.

லண்டனைக் கலக்கிய இரவு

1889, லண்டன். வெஸ்ட்மின்ஸ்டரில் ராயல் அக்வேரியம் என்று ஒரு கேளிக்கை அரங்கம். அங்கே சார்லஸ் சாம்ப்சன் என்பவர் தினமும் பலப் பரீட்சை ஷோ நடத்திக்கொண்டிருந்தார். உலகத்திலேயே பலசாலி நான்தான் என்பது அவர் பேச்சு. என் சிஷ்யன் சைக்ளோப்ஸை ஜெயித்தால் 100 பவுண்ட், என்னை ஜெயித்தால் 500 பவுண்ட் என்று மேடையிலேயே சவால் வேறு. 500 பவுண்ட் என்பது அப்போது ஒரு சாதாரணத் தொழிலாளி பல வருஷம் உழைத்தாலும் கண்ணில் பார்க்க முடியாத பணம்.

அக்டோபர் 29 இரவு. கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர் எழுந்து மேடைக்குப் போனார். கோட்டு சூட்டு, ஒரு கண்ணில் ஒற்றைக் கண்ணாடி. பார்க்க ஏதோ பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி. உயரமும் ஆறடி கிடையாது. போகிற வழியில் தடுக்கி அந்தக் கண்ணாடி கீழே விழ, அரங்கம் சிரித்தது. பிறகு அவர் கோட்டைக் கழற்றினார். சிரிப்பு நின்றது.

முதலில் சைக்ளோப்ஸைத் தோற்கடித்தார். நவம்பர் 2-ம் தேதி சாம்ப்சனோடு நேரடி மோதல். குத்துச்சண்டை விதிகளோடு பெயர் ஒட்டியிருக்கும் குவீன்ஸ்பெரி பிரபு நடுவர்களில் ஒருவர். இரும்புக் கம்பியை வளைப்பது, மார்பில் சுற்றிய கம்பிக் கயிறை அறுப்பது, கைத்தசையை முறுக்கிச் சங்கிலியைத் தெறிக்கவிடுவது என்று சாம்ப்சன் செய்த ஒவ்வொன்றையும் சாண்டோ செய்து காட்டினார். அதற்குப் பிறகு தன் சொந்தச் சரக்கையும் இறக்கினார். சாம்ப்சனால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் லண்டன் பேப்பர்களில் சாண்டோதான் ஹீரோ. அப்போது அவருக்கு வயது 22.

இந்தச் சங்கிலி விஷயத்தில் ஒரு சின்ன சுவாரசியம். சாம்ப்சனின் சங்கிலி அவர் கை அளவுக்குச் செய்தது. அதைக் கொடுத்து சாண்டோவை மடக்கப் பார்த்தார். சாண்டோ தன் கைக்குப் பொருந்தும் சங்கிலியை முன்கூட்டியே செய்து எடுத்து வந்திருந்தார் என்று சொல்வார்கள். பலத்தோடு கொஞ்சம் ஹோம்வொர்க்கும் இருந்திருக்கிறது.

அமெரிக்கா: தூக்குவதைப் பார்க்காதே, என்னைப் பார்!

1893-ல் சாண்டோ அமெரிக்கா போனார். சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த வருஷம் அது. விவேகானந்தர் பேசினாரே, அதே சிகாகோ, அதே வருஷம். அங்கே ஃப்ளோரென்ஸ் சீக்ஃபெல்டு என்ற இளைஞர் அவரைத் தன் அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டார். பின்னாளில் அமெரிக்க மேடை உலகத்தையே ஆண்ட தயாரிப்பாளர் இவர்.

சீக்ஃபெல்டு ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதைவிட, அவர் சும்மா நிற்பதைத்தான் ஜனங்கள் அதிகம் ரசிக்கிறார்கள். உடனே நிகழ்ச்சியை மாற்றினார். உடம்பில் வெள்ளைப் பவுடர் பூசி, பளிங்குச் சிலை மாதிரி போஸ் கொடுக்க வைத்தார்கள். ஒவ்வொரு தசையாக அசைத்துக் காட்டினார் சாண்டோ. ஷோ முடிந்ததும், தர்ம காரியத்துக்கு 300 டாலர் கொடுக்கும் பெண்கள் மேடைக்குப் பின்னால் வந்து அவர் தசையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அறிவிப்பு. ஊர் முழுக்க அதே பேச்சு!

பலத்துக்காக உடம்பு என்ற நிலை மாறி, பார்ப்பதற்காக உடம்பு என்ற எண்ணம் பிறந்தது இங்கேதான். பாடிபில்டிங் என்ற ஒன்று தனியாகக் கிளம்பியதும் இதிலிருந்துதான். அதுக்கு முன்னாடி பயில்வான் என்றால் தொப்பையோடு இருந்தாலும் யாரும் குறை சொன்னதில்லை.

1894 மார்ச்சில் தாமஸ் எடிசனின் ஸ்டூடியோவில் சாண்டோவைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாத மௌனப் படம், போஸ் மட்டும்தான். சினிமா என்ற சொல்லே பழக்கத்துக்கு வராத காலம். அந்தத் துண்டுப் படம் இன்றும் இருக்கிறது, இணையத்தில் தேடினால் பார்க்கலாம்.

அதே வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூத்தும் நடந்தது. சிங்கத்தோடு சாண்டோ மோதப்போகிறார் என்று பிரமாண்ட விளம்பரம். கூட்டம் அலைமோதியது. வந்து பார்த்தால் சிங்கத்தின் வாய்க்கு மூடி, கால்களுக்கு உறை. போதாததுக்கு அந்தச் சிங்கத்துக்கு சண்டை போடும் மூடே இல்லை. சாண்டோ அதைத் தூக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. டிக்கெட் வாங்கினவர்கள் கடுப்பாகித் திரும்பினார்கள். இதையும் தன் புத்தகத்தில் பெரிய வீரச் செயலாக எழுதிக்கொண்டார் சாண்டோ.

தபால் வழி 'கோச்சிங்'

இங்கிலாந்து திரும்பியவர் 1897-ல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். அடுத்த வருஷமே ஒரு பத்திரிகை. பலம் பெறுவது எப்படி என்ற அவரது புத்தகம் பல பதிப்பு கண்டது. கூடவே தபால் வழிப் பயிற்சி. உயரம், எடை, மார்பளவு, கையளவு, வயது, செய்யும் வேலை என்று எழுதி அனுப்பினால் உங்களுக்கென்று ஒரு பயிற்சி அட்டவணை வீடு தேடி வரும். இன்றைய ஆன்லைன் கோச்சிங்கை நடத்துபவர்கள் பாதிப் பேருக்கு, இந்த ஐடியா விக்டோரியா மகாராணி காலத்தில் வந்தது என்றே தெரியாது.

அந்தப் புத்தகத்தில் பசங்களுக்கு அவர் என்ன சொன்னார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். எல்லோருக்கும் ஒரே பயிற்சி கிடையாது. 7 வயதிலிருந்து ஆரம்பித்து வயது வாரியாகத் தனித்தனிப் பட்டியல். 12 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒன்று, 15 முதல் 17 வரை வேறு ஒன்று, 17-க்கு மேலே வேறு. சிறுமிகளுக்கும் தனியாக உண்டு. 19-ம் நூற்றாண்டில் பெண் பிள்ளைகளும் டம்பெல் எடுக்கணும் என்று எழுதியதே பெரிய விஷயம். பட்டியல் முழுக்க லேசான டம்பெல்தான். எண்ணிக்கையைச் சில நாட்களுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகணும். முதல் நாளே வீரம் காட்டக் கூடாது. கண்ணாடி முன்னால் நின்று, எந்தத் தசை வேலை செய்கிறது என்று கவனித்துச் செய்யணும். மூச்சை அடக்கக் கூடாது. அவ்வப்போது அளவு எடுத்து எழுதி வைக்கணும்.

பிறகு 'ஸ்பிரிங் டம்பெல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த டம்பெல், நடுவில் ஸ்பிரிங். பயிற்சி செய்யும்போது ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே செய்யணும். பலம் கூடக் கூட ஸ்பிரிங்கின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அமோகமாக விற்றது.

அப்படியென்றால் மறைத்தது என்ன?

இங்கேதான் அட்டிலா மறுபடி வருகிறார்.

விளம்பரத்தைப் பார்க்கும் ஒரு 15 வயசுப் பையனுக்கு என்ன தோன்றும்? இந்த லேசான டம்பெல்லை வாங்கினால், அந்தப் படத்தில் இருக்கும் உடம்பு வரும். ஆனால் படத்தில் இருக்கும் உடம்பு லேசான டம்பெல்லில் வந்தது கிடையாது. அட்டிலாவிடம் வருஷக்கணக்கில் கனமான எடை தூக்கி வந்தது, சர்க்கஸில் தினமும் உழைத்து வந்தது, பிறவியிலேயே அமைந்த உடல்வாகும் சேர்ந்தது. அவர் வாழ்க்கையை விரிவாக எழுதிய டேவிட் சாப்மேன் உட்பட பலரும் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவர் காலத்திலேயே மற்ற பயில்வான்கள் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள்.

இதில் சாண்டோவை முழுசாகக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏன்னா, தபாலில் கற்றுக்கொள்ளும் சின்னப் பையனை 60 கிலோ தூக்கச் சொல்லியிருந்தால் எத்தனை முதுகு போயிருக்குமோ! பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லாதபோது லேசான எடையைக் கொடுத்ததுதான் சரி. பிரச்னை அறிவுரையில் இல்லை, அதற்குப் பக்கத்தில் போட்ட போட்டோவில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தது 1935-ல்தான். சாண்டோ அதற்குப் பத்து வருஷம் முன்பே இறந்துவிட்டார். எனவே அவர் உடம்பில் ஸ்டீராய்டு ஊசிக்கு வேலையே இல்லை. அவர் படத்தையும் இன்றைய பாடிபில்டிங் மேடைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகத்தின் மிகச் சிறந்த உடல் என்று கொண்டாடப்பட்டவர், இன்றைய கணக்கில் கொஞ்சம் ஒல்லியாகத்தான் தெரிவார். ஊசி இல்லாமல் மனித உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

இன்றைய டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

டீன் ஏஜில் வெயிட் தூக்கினால் உயரம் வளராது என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் இருக்கு. சரியான முறையில், தெரிந்த ஒருவர் மேற்பார்வையில் செய்தால் வளர்ச்சி தடைபடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே இதைச் சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்கணும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சி இருக்கணும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

ஆனால் வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்தட்டு என்று மென்மையான பகுதி உண்டு. எலும்பு நீளமாவது அங்கேதான். தவறான முறையில் அளவுக்கு மீறிய எடையைத் தூக்கி அங்கே அடிபட்டால் சிக்கல். அதனால்தான் ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று நண்பர்களோடு பந்தயம் கட்டுவது இந்த வயதில் வேண்டாம் என்கிறார்கள். காயங்களில் பெரும்பகுதி, வீட்டில் யாரும் பார்க்காதபோது சாதனங்களை இஷ்டத்துக்குக் கையாள்வதால் வருகிறது.

புதுசாக ஆரம்பிக்கிற பையன் முதல் சில வாரம் தன் உடல் எடையை மட்டும் வைத்துச் செய்தாலே போதும். நம் ஊர் தண்டால், பஸ்கி இருக்கவே இருக்கு. முறை சரியாக வந்த பிறகு லேசான எடை. 8 முதல் 15 தடவை கோணாமல் தூக்க முடிந்தால், அடுத்த கட்டத்துக்கு 10 சதவீதம் அளவுக்கு ஏற்றலாம். வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்கணும். முதல் ரெண்டு மாசத்தில் பலம் கூடும், ஆனால் கை பெருசாகத் தெரியாது. காரணம், முதலில் பழகுவது நரம்புதான். மூளை, இருக்கிற தசையை முழுசாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. தசை பருப்பது அதற்குப் பிறகு மெதுவாக நடக்கும். பருவம் வராத சின்னப் பையனுக்கு அதுவும் பெரிசாக நடக்காது, ஹார்மோன் வரணும். நிறையப் பசங்க மனசு உடைஞ்சு, டப்பா பவுடர் பக்கம் போவது இந்த இடைவெளியில்தான்.

பவுடர் தேவையா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், தசை வளர்க்கப் புரோட்டீன் சப்ளிமென்ட்டுகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, மீன் போன்றவற்றிலேயே தேவையான புரதம் கிடைத்துவிடும். ஸ்டீராய்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். டீன் ஏஜில் எடுத்தால் வளர்தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும், வளர வேண்டிய உயரம் அதோடு நின்றுவிடும்.

உலகின் முதல் பெரிய ஆணழகன் போட்டி

1901 செப்டம்பர் 14. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். அரங்கம் நிரம்பி, இடம் கிடைக்காமல் பல பேர் திரும்பிப் போனார்கள். மூன்று வருஷமாக ஊர் ஊராக நடத்தித் தேர்ந்தெடுத்த சுமார் 60 பேர் மேடையில். நடுவர்கள் மூன்று பேர். சிற்பி சார்லஸ் லாஸ், சாண்டோ, மூன்றாவது ஆள் ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கானன் டாயில்!

பெரிய தசைக்குப் பரிசு இல்லை என்று சாண்டோ முதலிலேயே சொல்லிவிட்டார். உடம்பு முழுக்க வளர்ச்சி சமமாக இருக்கிறதா, தசையின் தன்மை எப்படி, பொதுவான ஆரோக்கியம் எப்படி, தோல் எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். மார்பும் கையும் மட்டும் பயிற்சி செய்து, காலை மறந்துவிடும் பசங்க அந்த மேடையில் ஏறியிருந்தால் முதல் சுற்றிலேயே அவுட். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே ஜெயித்தார். பரிசு, சாண்டோவின் உருவத்தில் ஒரு தங்கச் சிலை. வசூலான பணம் தென்னாப்பிரிக்கப் போர் நிவாரண நிதிக்குப் போனது.

அன்று நள்ளிரவில், ஜெயித்த ஆள் தங்க இடமில்லாமல், கையில் சிலையைத் தூக்கிக்கொண்டு லண்டன் தெருவில் நடந்துகொண்டிருந்தாராம். அதைப் பார்த்த டாயில் தன் ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்த் தங்க வைத்ததாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இந்தியா வந்த சாண்டோ

1904, 1905-ல் கீழை நாடுகள் சுற்றுப்பயணத்தின்போது சாண்டோ இந்தியா வந்தார். பம்பாய், கல்கத்தா என்று நகரங்களில் நிகழ்ச்சிகள். இந்தியர்கள் பலவீனமானவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் வெடித்ததும் இதே 1905-ல்தான். உடற்பயிற்சி செய்தால் யார் உடம்பும் தேறும் என்று சொல்லும் ஒருவர் அந்த நேரத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? படித்த இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். நம் அகாராக்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக் கட்டையும் பல தலைமுறையாக இருந்தவைதான். அவற்றோடு சாண்டோவின் டம்பெல்லும் சேர்ந்தது. பிறகு பெங்களூரில் கே.வி. ஐயர் போன்றவர்கள், நம் ஊர் சூரிய நமஸ்காரத்தையும் மேல்நாட்டுப் பயிற்சியையும் கலந்து தபால் வழிப் பாடமே நடத்தினார்கள். கோவைப் பையன் ஒருவருக்கு 'சாண்டோ' பட்டம் வந்து சேர்ந்ததற்கான பாதை இதுதான்.

கோகோ, கடன், கல்லறை

1906-ல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினார். 1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், தனக்கான உடற்பயிற்சிப் பேராசிரியர் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தார். உச்சம் என்றால் அதுதான். அதோடு நிறுத்தாமல் பெண்களுக்கான கார்செட், உடம்பைத் தேற்றும் கோகோ பவுடர் என்று சாண்டோ பெயரில் வியாபாரம் விரிந்தது. ஆமாம், அப்பவே டப்பா பவுடர்! 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனியில் பிறந்தவர் பெயரில் இருக்கும் பொருளை இங்கிலாந்தில் யார் வாங்குவார்கள்? போர் முடிவதற்குள் கோகோ கம்பெனி திவால்.

1925 அக்டோபர் 14-ல் லண்டனில் இறந்தார். வயது 58. பள்ளத்தில் விழுந்த காரை ஒரு கையால் தூக்கியதில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று செய்தி பரவியது. பலசாலிக்கு ஏற்ற சாவு என்று ஜனங்களும் நம்பினார்கள். ஆனால் பெருந்தமனி வீங்கி வெடித்ததே காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். கடைசிக் கதையும் அவருடைய பழைய கதைகள் மாதிரியே ஆகிவிட்டது.

லண்டனின் புட்னி வேல் மயானத்தில் அடக்கம். மனைவி பிளாஞ்ச், கல்லறையில் பெயர்கூட வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கணவரின் மற்ற உறவுகள்தான் கோபத்துக்குக் காரணம் என்று பேச்சு. முக்கால் நூற்றாண்டுக்கும் மேல், யாருடையது என்றே தெரியாத மண்மேடாக அது கிடந்தது. 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் ஜெயிப்பவருக்கு சாண்டோ உருவம் பதித்த சிலையைத்தான் தருகிறார்கள். அர்னால்ட் 1980-ல் ஏழாவது முறை ஜெயித்தபோது வாங்கியதும் அதைத்தான். அப்போதும் அந்தச் சிலைக்குச் சொந்தக்காரரின் கல்லறையில் பெயர் இல்லை.

2008-ல் அவரது எள்ளுப் பேரன் ஒரு பெரிய கல்லை வாங்கி அங்கே நட்டு வைத்தார். இளஞ்சிவப்பு மணற்கல், எடை சுமார் ஒன்றரை டன். அதில் சாண்டோ என்ற பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது.